ஷூ, கேபிள், ஒரு கல்: மலை ஜீப்பின் ஹேண்ட் பிரேக் வரலாறு

டார்ஜிலிங் மாவட்டத்தின் மானேபஞ்சன் என்னும் சிற்றூரிலிருந்து சாந்தக்பூ உச்சிக்குச் செல்லும் மலைவழி ஏறத்தாழ 31 கிலோமீட்டர். புறப்படும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். சேருமிடம் 3,636 மீட்டர். இவ்வழியில் 1950களில் தயாரான லேண்ட் ரோவர்கள் பல பதிற்றாண்டுகளாகப் பயணிகளையும் அரிசி மூட்டைகளையும் சுமந்து வந்துள்ளன. எண்ணிக்கை சுருங்கிவிட்டாலும், புதிய பொலேரோக்கள் அருகே வந்து நின்றுவிட்டாலும், அவற்றுள் சில இன்னும் ஓடுகின்றன. சரிவில் வண்டி நின்றவுடன் யாரேனும் ஒருவர் இறங்கிச் சக்கரத்தின் அடியில் ஒரு கல்லை வைப்பது அங்கு மட்டுமன்று, இமயம் முதல் இடுக்கி வரை எல்லா மலைப்பாதைகளிலும் காணும் வழக்கம். பயணக் குறிப்பு எழுதுவோர் அக்கல்லை ஒரு வேடிக்கையாக எழுதிக் கடந்துவிடுவர். ஆனால் அக்கல் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டால், ஹேண்ட் பிரேக் என்னும் சிறு உறுப்பின் நூற்றிருபது ஆண்டு வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அவ்வரலாற்றில் வண்டியில் அமர்ந்திருப்பவரின் பாதுகாப்புக்குச் சட்டத்தில் இடம் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு இடம் உண்டா என்பதே இக்குறிப்பின் வினா.

‘ஷூ’ என்னும் சொல்லிலிருந்து தொடங்கலாம். பிரேக்கின் உள்ளே இருக்கும் பிறைவடிவ இரும்புத் துண்டுக்கு ஏன் காலணியின் பெயர்? மோட்டார் வண்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே ஐரோப்பியச் சுமைவண்டிகள் இறக்கத்தில் இறங்கும்போது, ஒரு சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடு ஒன்றைச் செருகிச் சங்கிலியால் வண்டியுடன் பிணைத்துவிடுவார்கள். சக்கரம் சுழலாமல் அத்தகட்டின்மேல் நின்றபடியே சறுக்கி வரும். சக்கரத்துக்கு அணிவித்த காலணி என்பதால் அது ‘ஷூ’ ஆயிற்று. சக்கரத்தின்மீது அழுந்தி அதைத் தடுக்கும் கட்டைக்கும் பின்னர் அதே பெயர் நிலைத்தது. ஆக, மலைப்பாதையில் சக்கரத்தின் கீழ் வைக்கும் கல்லும், டிரம்முக்குள் ஒளிந்திருக்கும் ஷூவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, கல்லே மூத்தது.

இங்கிலாந்தின் டெர்பிஷைர் மலைப்பகுதியில் வாழ்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. செங்குத்தான சாலைகளில் இறங்கும் வண்டிக்காரர்கள் மரக்கட்டைப் பிரேக்கின்மேல் பழைய செருப்புத்தோலை ஆணியடித்து ஓட்டுவதை அவர் கண்டாராம். மரத்தைவிடத் தோல் நன்றாகப் பிடிக்கும். கதையின் ஒவ்வொரு விவரத்துக்கும் உறுதி கூற இயலாது. நிறுவனங்கள் தம் தோற்றத்தைப் பற்றிச் சொல்லும் கதைகளைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்க வேண்டும். ஆனால் 1897இல் அவர் தொடங்கிய தொழில் ஃபெரோடோ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது வரலாறு. தொடக்கத்தில் பருத்தி முதலிய இழைகளைப் பிசின் ஊட்டி இறுக்கி லைனிங் செய்தனர். குதிரைவண்டிக்கு அது போதும். மோட்டார் வண்டியின் வேகத்தில் எழுந்த சூட்டில் அது கருகியது. 1908இல் ஃப்ரூட் கல்நாரைப் பயன்படுத்தத் தொடங்கினார். நெருப்பில் எரியாது, நூல்போல் நூற்கலாம், விலை மலிவு. அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு உலகின் பிரேக் லைனிங் என்றாலே கல்நார் என்றாகிவிட்டது.

கேபிளின் கதை இதனினும் சுருக்கம். எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் 1896இல் இங்கிலாந்தில் பெற்ற காப்புரிமைதான் இன்றைய மிதிவண்டிப் பிரேக் முதல் காரின் ஹேண்ட் பிரேக் வரை நாம் காணும் உறையிட்ட கம்பிக்கு மூலம். உள்ளே முறுக்கிய எஃகு இழை, வெளியே சுருள்கம்பி உறை. உறை அசையாமல் நிற்க, இழை மட்டும் அதனுள் ஓடும். வளைவுகளைச் சுற்றியும் இழுவிசையைக் கொண்டுசெல்ல முடிந்ததே அதன் புதுமை. அதற்கு முன் தண்டுகளும் கணுக்களுமாக வண்டியின் அடிப்பகுதி ஒரு தறிபோல் இருக்கும்.

அதே 1896இல் பிரிட்டனின் சாலை விதிகள், தானியங்கி வண்டிகளுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக்குகள் வேண்டும் என்று கூறின. ஒன்று பழுதுபட்டால் மற்றொன்று வண்டியை நிறுத்த வேண்டும் என்பதே கருத்து. நூறாண்டுகள் கடந்தும் இக்கருத்து மாறவில்லை. நம் நாட்டின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96ஆம் விதியும் காலால் இயக்கும் பிரேக், நிறுத்திவைக்கும் பிரேக் என ஒன்றையொன்று சாராத இரண்டைக் கேட்கிறது. மாறியது அவற்றின் தகுதிநிலை. தொடக்கக்கால வண்டிகளில் கையால் இழுக்கும் பிரேக் எவ்வகையிலும் துணைப்பிரேக் அன்று. ஃபோர்டின் மாடல் டி வண்டியில் கால்மிதி கியர்ப்பெட்டிக்குள் இருந்த பட்டையை இறுக்கியது. பின்சக்கர டிரம்களை நேரடியாகப் பிடித்தது கைநெம்புகோல்தான். 1920களில் ஹைட்ராலிக் பிரேக் வந்து கால்மிதியின் ஆற்றல் பெருகிய பின்னரே கைப்பிரேக் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. ‘எமர்ஜென்சி பிரேக்’ என்ற பெயரும் படிப்படியாக ‘பார்க்கிங் பிரேக்’ ஆயிற்று. ஆபத்துக்கால நண்பன் வாயிற்காவலன் ஆனான் எனலாம். கவனிப்பாரற்றுப் போகும் உறுப்புகளின் வரலாறு பெரும்பாலும் பெயர்மாற்றத்தில் தொடங்குகிறது.

இனி மலைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்துக்காக வில்லிஸ் உருவாக்கிய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், புரப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில், ஒரே ஒரு சிறு டிரம் இருந்தது. ஓட்டுநர் முன்பலகையிலுள்ள கைப்பிடியை இழுத்தால் ஒரு கேபிள் அந்த டிரம்மை இறுக்கும். போரின் தொடக்கத்தில் வந்த ஜீப்புகளில் வெளியிலிருந்து இறுக்கும் பட்டை. பின்னர் வந்தவற்றில் உள்ளிருந்து விரியும் இரண்டு ஷூக்கள். 1947இல் மும்பையில் மஹிந்திரா கோத்துக் கட்டத் தொடங்கியதும் இந்த வில்லிஸ் குடும்பத்து வண்டியைத்தான். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரும் ஜீப்பைப் பார்த்துப் பிறந்த வண்டியே. அதிலும் ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால்தான் இருந்தது. கேபிளுக்குப் பதிலாகத் தண்டுகள் என்பதே வேறுபாடு. தேயிலைத் தோட்டங்களின் வழியே டார்ஜிலிங் மலைக்கு வந்த லேண்ட் ரோவர்கள், பிற மலைகளுக்குப் போன ஜீப்புகள் ஆகிய இரண்டுக்கும் இந்த அமைப்பு பொது.

இவ்வமைப்பில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. புரப்பெல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வில்லிஸ் ஜீப்பில் இவ்விகிதம் 4.88. எனவே ஷாஃப்டைச் சிறு விசையால் பிடித்தாலும் சக்கரத்தில் அது ஏறத்தாழ ஐந்து மடங்காகப் பெருகும். சிறிய டிரம், சிறிய ஷூ, ஒரே ஒரு கேபிள். போர்க்காலச் சிக்கனத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

ஆனால் சமதரையில் வரைந்த சிக்கனம் மலையில் வேறு முகம் காட்டியது. முதலாவது, டிஃபரென்ஷியல். பிரேக் பிடிப்பது ஷாஃப்டைத்தான். அதற்கும் சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் இருக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டால், தரையிலுள்ள சக்கரம் முன்னோக்கி உருள, தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழலும். ஷாஃப்ட் அசையவே அசையாது. ஹேண்ட் பிரேக் முழுவதும் இழுத்திருக்கும். வண்டியோ ஜாக்கியிலிருந்து வழுக்கிப் போகும். ஒரு சக்கரம் பனியிலோ சேற்றிலோ பிடிப்பிழந்தாலும் இதே நிலைதான். ஆகவே கல் வைப்பதைப் பழைய வண்டியின் பலவீனத்துக்கான ஒட்டுவேலை என்று மட்டும் சொல்ல இயலாது. அவ்வமைப்பு எங்கே கைவிடுமோ அங்கே கல் தாங்குகிறது. கல் வைப்பவர் இயந்திரவியல் படித்திருக்க மாட்டார்; டிஃபரென்ஷியலின் இயல்பு அவர் கைக்குத் தெரியும்.

இரண்டாவது, எண்ணெய். டிரம்முக்கு ஒட்டியே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஆயில் சீல் இருக்கிறது. சீல் தேய்ந்தால் கியர் ஆயில் கசிந்து நேரே ஷூவின்மேல் சேரும். எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்தோ சுட்டோ மீட்க முடியாது. சூடேறும்போதெல்லாம் உள்ளிருந்து மீண்டும் கசியும். புதிய ஷூ போட்டுச் சீலை மாற்றாமல் விட்டால் சில வாரங்களில் அந்த ஷூவும் அதே கதிக்கு ஆளாகும். பழைய ஜீப்பின் ஹேண்ட் பிரேக் ‘பிடிக்கவே பிடிக்காது’ என்ற பொதுக்கருத்து, பல நேரங்களில் ஷூவைப் பற்றியதே அன்று. ஒரு சிறு ரப்பர் வளையத்தைப் பற்றியது.

மூன்றாவது, கேபிள். அது அறுந்தால்தான் ஹேண்ட் பிரேக் இருப்பதே நினைவுக்கு வருகிறது. கேபிள் ஏன் அறுகிறது? உறைக்குள் நீர் புகுந்து இழை துருப்பிடிப்பது ஒரு காரணம். உறைபனி விழும் உயரங்களில் அந்நீர் கட்டியாகி இழை ஓடாமல் நிற்பதும் உண்டு. ஆனால் மிகுதியான காரணம் வேறு. ஷூ தேயத் தேயக் கைப்பிடியை மேலும் மேலும் இழுக்க வேண்டியிருக்கும். டிரம்முக்குள் உள்ள சரிசெய்யும் திருகைத் திருப்புவதற்கு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். கேபிளின் முனையிலுள்ள நட்டை இறுக்குவது எளிது. எளியதையே செய்வர். ஷூ செய்ய வேண்டிய வேலையை இழுவை ஏற்கும். நாளடைவில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். அறுந்த கேபிளை மட்டும் மாற்றிக் கொடுப்பவர் நோயை விட்டுக் குறியை மாற்றுகிறார் என்றே சொல்ல வேண்டும். கேபிளையும் ஷூவையும் ஒருசேர மாற்றுவதே முறை எனப் பழைய மெக்கானிக்குகள் சொல்வதன் காரணம் இதுதான்.

மாற்றும் முறையையும் இங்கே பதிவுசெய்யலாம். இத்தகைய வண்டிகள் மறையும்போது முறையும் உடன் மறையும். முதலில் நான்கு சக்கரங்களுக்கும் கட்டை. பிரேக்கையே கழற்றப் போவதால் வேறு துணை கிடையாது. கைப்பிடியைத் தளர்த்தி, சரிசெய்யும் திருகைப் பின்னோக்கித் திருப்பி, புரப்பெல்லர் ஷாஃப்டின் முன்முனையை இறக்கி டிரம்மை உருவ வேண்டும். ஸ்பிரிங்குகளை எடுக்குமுன் எது எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது; இடம் மாறினால் ஒரு ஷூ எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். சீலைப் பார்த்து, வேண்டுமெனில் மாற்றி, டிரம்மின் உட்புறத்தில் எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைத்துப் புதிய ஷூக்களைப் பொருத்துவர். பிறகு வரிசை முக்கியம். முதலில் டிரம் சுழலாதவாறு திருகை இறுக்கி, தாராளமாகச் சுழலும் வரை சற்றே தளர்த்த வேண்டும். அதன் பின்னரே கேபிளின் தளர்வைச் சரிசெய்ய வேண்டும். தலைகீழாகச் செய்தால் முன்பத்தியின் கதை மீண்டும் தொடங்கும். பொலேரோ போன்ற பின்வந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கர டிரம்களுக்கே இடம்பெயர்ந்துவிட்டது. அங்கே கால்பிரேக்குக்கும் கைப்பிரேக்குக்கும் ஒரே ஷூ. டிஃபரென்ஷியல் சிக்கல் அங்கு இல்லை. ஆனால் இறுக்கும் வரிசை அங்கும் இதுவே.

‘புதிய ஷூக்கள்’ என்று எழுதியதைச் சற்று விளக்க வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த பதிற்றாண்டுகளில் முழு ஷூவை யாரும் வாங்கவில்லை. இரும்புப் பிறை அப்படியே இருக்கும். தேய்ந்த லைனிங்கை உளியால் பெயர்த்தெடுத்து, புதிய லைனிங்கைத் துளையிட்டுப் பித்தளை அல்லது செம்பு ரிவெட் அடித்து, டிரம்மின் வளைவுக்குப் பொருந்தும்படி விளிம்புகளை அரத்தால் ராவுவர். லைனிங் உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கியதில் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1960களிலும் 70களிலும் பாடி முதலிய இடங்களில் பிரேக் உறுப்புத் தொழில் வேரூன்றியது. ஆனால் ரிவெட் அடிப்பது ஆலையில் நிகழவில்லை. சாலையோரப் பட்டறையில், தரையில் குந்தியபடி, பெரும்பாலும் வேலை பழகும் சிறுவன் ஒருவனால் நிகழ்ந்தது. பழைய டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்த சாம்பல்நிறத் தூளை வாயாலோ, காற்றுக்குழாயாலோ ஊதித் தள்ளுவதும் அவன் வேலையே. அத்தூளில் கல்நார் இருந்தது.

கல்நாரின் தீங்கு அன்று அறியப்படாதது என்று கூறி நகர்ந்துவிட முடியாது. 1924இலேயே, ராச்டேல் நகரின் கல்நார் ஆலையில் வேலை பார்த்து இறந்த நெல்லி கெர்ஷாவின் நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக், அதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1930இல் மெரிவெதர், பிரைஸ் ஆகியோரின் அரசு அறிக்கை வந்தது. 1931இல் பிரிட்டன் கல்நார்த் தொழில் விதிகளை இயற்றியது. அவ்விதிகள் நோக்கியது கல்நார்ப் பொருள்களை உற்பத்தி செய்யும் இடங்களை. அப்பொருள்களைப் பின்னர் ராவி, துளையிட்டு, ஊதிப் பயன்படுத்திய பழுதுபார்க்கும் பட்டறைகள் அவற்றின் பார்வையில் இல்லை. சட்டம் கல்நாரை ஆலை வாயில்வரை தொடர்ந்து சென்று அங்கேயே நின்றுவிட்டது.

நம் நாட்டிலும் கோடு ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழுந்தது. 1995 ஜனவரி 27 அன்று, நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு மிக முக்கியமானது. தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அது கூறியது. கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் பணி தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்ததிலிருந்து 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க ஆணையிட்டது. கல்நாரின் நோய் பல பதிற்றாண்டுகள் கழித்தே வெளிப்படும் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட ஆணை அது. ஆனால் பதிவேடு வைக்க ஒரு நிறுவனம் வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்படி மின்விசை உள்ள இடத்தில் 10 பேர், இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. முதலாளி, ஒரு மெக்கானிக், இரண்டு பையன்கள் உள்ள பட்டறை அந்த வரையறைக்குள் வரவில்லை. அப்பையன்களுள் ஒருவனுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மூச்சுத்திணறல் வந்தால், அதை 1970களில் அவன் ரிவெட் அடித்த லைனிங்குடன் இணைத்துப் பார்க்க எந்தத் தாளும் இராது. ஆவணக்காப்பகத்தில் தேடுவோருக்கு இது பழக்கமான வெறுமை. இல்லாத தாளும் ஒருவகைச் சான்றுதான்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பட்டறை மெக்கானிக்குகளுக்குக் கல்நாரால் நேர்ந்த தீங்கின் அளவு எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே கருத்துவேறுபாடு நீடிக்கிறது. பிரேக்கின் சூட்டில் இழைகளின் பெரும்பகுதி உருமாறித் தீங்கு குறைந்த தூளாகிவிடுகிறது என்பது ஒரு தரப்பின் வாதம். புதிய லைனிங்கை ராவும்போது எழும் தூளுக்கு அந்த வாதம் பொருந்தாது என்பது மறுதரப்பின் பதில். என் சாய்வு இரண்டாவதன் பக்கம். ஏனெனில் மேலைநாட்டு ஆய்வுகளின் மெக்கானிக் பெரும்பாலும் ஆலையில் ஒட்டிவந்த ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியவர். நம் பட்டறையில் துளையிட்டு, ராவி, வடிவம் கொடுத்த கை வேறு. அந்தக் கையை அளந்து பார்க்காமல் அங்கே பெற்ற முடிவை இங்கே பொருத்துவது சரியாகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் இயற்றிய ஆணையால் 2005இன் தொடக்கத்திலிருந்து வெண்கல்நாரை ஏறக்குறைய முற்றாக விலக்கியது. அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் பழுதுபார்ப்புச் சந்தையின் பிரேக் லைனிங் உள்ளிட்டவற்றில் அதைத் தடைசெய்யும் விதியை வெளியிட்டது. இந்தியாவில் கல்நார் இறக்குமதி இன்னும் தொடர்கிறது. பெரும் வண்டி நிறுவனங்கள் கல்நாரற்ற லைனிங்குக்கு மாறிவிட்டன. ஆனால் அறுபது, எழுபது ஆண்டுப் பழமையான ஒரு லேண்ட் ரோவரின் ஷூவுக்கு நிறுவனப் பெட்டி எங்கே வரும்? கிடைக்கும் லைனிங்கை வெட்டித்தான் பொருத்துவர். அது எதனால் ஆனது என்பதை அதன் நிறம் சொல்லாது.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளில் 1994இல் சேர்ந்த பின்னிணைப்பு ஒன்று இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. பிரேக், கிளட்ச் வேலைகளில் கல்நார்த்தூள் பறக்காமல் தடுக்க உறிஞ்சும் கருவியோ கழுவும் கருவியோ வேண்டும் என்று கூறிய அவ்விதி, வாரத்துக்கு ஐந்து இணைப் பிரேக்குகளுக்கு மேற்படாத சிறு பட்டறைகளுக்கு மட்டும் ஓர் எளிய வழியை ஏற்றது. டிரம்மைத் திறந்தவுடன் தெளிப்புப் புட்டியால் நீரைத் தூவி நன்றாக நனைத்து, துணியால் துடைத்து, அத்துணியைக் காயவிடாமல் மூடிய உறையிலிட்டு அகற்றுவது. தூளைப் பிடிக்கும் அமைப்பின்றிக் காற்றடித்து ஊதுவதை அவ்விதிகள் எவருக்கும் அனுமதிக்கவில்லை. மலையோரப் பட்டறை எதுவும் வாரத்துக்கு ஐந்து ஹேண்ட் பிரேக்குகளைக் கழற்றப் போவதில்லை.